நுரைக்கு அலையும் பைறூஸ்

"இதக் கொஞ்சம் குலுக்கிப் பாக்கட்டா?" என்று கேட்கும்போதே பைறூஸ் அந்தப் பிளாஸ்டிக் உறைப் பக்கெட்டைக் குலுக்கத் தொடங்கிவிட்டார். அதைக் காதோடு வைத்து, உள்ளே இருக்கும் சவர்க்காரம் எப்படி ஓடுகிறது என்று கவனிக்கிறார். சளசளவென்று ஓடினால் முகம் சுருங்குகிறது. கூழ் மாதிரி மெல்ல நகர்ந்தால் புருவம் உயர்கிறது. பிறகு நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைச் சுட்டுவிரலால் தடவித் தடவி வாசிக்கிறார். மன்னார்ப் பட்டினத்தில், நிப்ராஸின் கடையில், கைகழுவும் சவர்க்காரம் அடுக்கியிருக்கும் தட்டுக்கு முன்னால் கிழமைக்கு மூன்று தடவையாவது இந்த ஆராய்ச்சி நடக்கிறது. வெளியே மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் வெயிலில் நிற்கிறது.

"நானா, வாங்கிறதெண்டா வாங்குங்கோ. நீங்க இதில நிண்டுகொண்டிருந்தா என்ட பிஸ்கட்டெல்லாம் சூடை மீன் மணக்கும்," என்கிறார் காசு மேசையில் இருக்கும் நிப்ராஸ்.

"பொறு தம்பி. இதுல முக்காவாசி தண்ணி. தண்ணிக்கு நான் காசு குடுக்கிறதோ?"

வயது நாற்பத்து நான்கு. எருக்கலம்பிட்டிக்காரர். விடியும்போது பேசாலைக் கரையில் மீன் எடுத்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியைத் தாண்டி, முருங்கன், நறுவிலிக்குளம் என்று வயல் ஊர்களில் வீடு வீடாக விற்பது தொழில். அவருடைய ஹோர்ன் சத்தத்துக்கு முதலில் படலைக்கு வருகிறவை பூனைகள். அதனால் மீனை நிறுத்துக் கொடுத்த பிறகு ஒரு சின்னச் சூடையைத் தனியாக எடுத்து, "இது உங்களுக்கில்ல" என்று வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்லிவிட்டுப் பூனைக்குப் போடுவார். வாய் ஓயாது. வெயில், மழை, டீசல் விலை, பாரையின் கண் சிவப்பு என்று எதைப் பற்றியும் அரை மணி நேரம் பேசக்கூடியவர். இப்போது ஒரு மாதமாக ஒரே பேச்சு. நுரை.

சிரிக்க வேண்டாம், அதற்குக் காரணம் இருக்கிறது. பைறூஸுக்கும் ஸரீனாவுக்கும் கலியாணமாகிப் பதினாலு வருடம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதுவும் இரண்டு மாதம் முந்திக்கொண்டு, ஒரு நல்ல விளைமீனின் நிறைகூட இல்லாமல் பிறந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருபத்தேழு நாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் யாராயிருந்தாலும் வாசலில் கை கழுவ வேண்டும். அங்கே சுவரில் ஒரு போத்தல் மாட்டியிருந்தது. முதல் நாள் பைறூஸ் அதன் தலையை அமத்தியபோது, உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று நுரை வந்து உட்கார்ந்தது. கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கைரேகை அழிந்த மனிதர் அவர். தேய்க்காமலே நுரை வந்ததும் நேர்சிடம் திரும்பி, "மிஸ், இது எங்க வாங்கலாம்?" என்று கேட்டார். பிள்ளையின் நிறை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் கேட்டார். ஸரீனா இதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள்.

அவள் சொல்லாத இன்னொன்று உண்டு. அந்தப் பிள்ளையை அவர் இதுவரை தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளுக்கு மேலாகிவிட்டது. கட்டிலருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். மூச்சுப் படக்கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கதைப்பார். "இந்தாங்கோ, பிடியுங்கோ" என்று ஸரீனா நீட்டினால் இரண்டு அடி பின்னால் போய்விடுவார்.

"என்ட கை மீன் கை புள்ள. பிள்ளை இன்னும் பூவா இருக்கு. வடிவாக் கழுவிப்போட்டு நாளைக்குத் தூக்குறன்."

"நாளைக்கு, நாளைக்கு எண்டு அவள் பள்ளிக்கூடம் போகப் போறாள் மச்சான்."

உண்மையில் அவருக்குப் பயம். பதினாலு வருடம் கேட்டுக் கிடைத்ததைத் தன்னுடைய கையே கெடுத்துவிடுமோ என்ற பயம். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிறவர் இதை மட்டும் எவரிடமும் பேசவில்லை. பயத்தை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டுமே, அதைச் சவர்க்காரத்தில் வைத்தார்.

கடையில் முதலில் வாங்கியது நுரைப் போத்தலும் அதை நிரப்பவென்றே விற்கும் ஒரு பக்கெட்டும். பூ வாசம். நல்ல நுரை. ஆனால் பிள்ளை பார்க்க வருகிறவர்கள், அவர்களோடு வருகிறவர்கள், சும்மா அமத்திப் பார்க்கிறவர்கள் என்று ஆறு நாளில் போத்தல் காலி. இரண்டாவது தடவை புத்தியாக நடந்துகொள்வதாக நினைத்து, மலிவான, தடித்த திரவச் சவர்க்காரத்தை வாங்கி அப்படியே போத்தலில் ஊற்றினார். போத்தலின் தலை அமர்ந்தது, எழும்பவில்லை. ஸரீனாவின் தையல் ஊசியை எடுத்துக் குத்தி, சுடுதண்ணீரில் ஊறவைத்து, அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே ஒரு சின்ன வலை இருப்பதைக் கண்டார். வலையைக் கண்டால் மன்னாரில் எவருக்கும் மூளை வேலை செய்யும். பைறூஸுக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து முருங்கன் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களுக்குக்கூட அவர் இதை விளக்குகிறார். "நுரையெண்டா என்ன? காத்து. சவுக்காரம் கொஞ்சம், தண்ணி கனக்க, மிச்சம் காத்து. அந்த வலைக்குள்ளால போகேக்க மூண்டும் சேருது. தடிச்சது போகாது, மெல்லிசுதான் போகும். அப்ப கடைக்காரன் மெல்லிசுப் பக்கெட்டெண்டு எங்களுக்கு விக்கிறது என்ன? தண்ணி. நாங்க தடிச்சதை வாங்கி எங்கட தண்ணியக் கலந்தா முடிஞ்சுது."

பக்கெட்டின் விலையைப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. ஒரு அமத்துக்கு எவ்வளவு விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு நாள் பின்வளவில் குந்தியிருந்து, ஒரு போத்தல் முழுவதையும் ஒன்று, இரண்டு என்று எண்ணி அமத்தித் தீர்த்தார். இருநூற்று அறுபதோ எழுபதோ வந்தது. சரியாகச் சொல்ல முடியாது. நடுவில் அடுத்த வீட்டுக்காரர் வந்து பாரை இருக்கிறதா என்று கேட்டதில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. கிணற்றடி முழுவதும் நுரை. கோழிகள் இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்படி எல்லாம் ஆராய்ந்து முடிவில் அவர் தேர்ந்தது, நிப்ராஸின் கடையில் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடந்த ஐந்து லீற்றர் கான். தடித்த சவர்க்காரம். ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்தால் நுரைப் போத்தலுக்குச் சரி என்று அதிலேயே எழுதியிருந்தது. பேச்சுக்கு அதை வாசித்துக் காட்டிய நிப்ராஸை அவர் கட்டிப்பிடித்தார். நிப்ராஸ் சட்டை மாற்றப் போக வேண்டியதாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு நாற்பதாம் நாள். புத்தளத்திலிருந்து வான் வண்டி பிடித்து முப்பது பேர் வருகிறார்கள். தலைமை, பைறூஸின் மூத்த அக்கா, ஆமினா ராத்தா. முப்பது பேரும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகப் போவதில்லை, முப்பது பேரும் பிள்ளையைத் தூக்கத்தான் வருகிறார்கள். தூக்குகிறவர் எவராயிருந்தாலும் வடிவாகக் கைகழுவ வேண்டுமென்று நேர்ஸ் சொல்லிவிட்டிருந்தார். பைறூஸ் ஸரீனாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை எல்லாரும் கழுவுவினம். எல்லாரும் கழுவினாப் பிறகு நானும் கழுவித் தூக்குறன். இந்த முறை நாளைக்கு எண்டு சொல்ல மாட்டன்."

"சத்தியமா?"

"இன்ஷா அல்லாஹ்."

புதன்கிழமை பின்னேரம் கானைத் திறந்தார். பெரிய வாளியில் ஒரு பங்கு ஊற்றி, கிணற்றில் அள்ளி நாலு பங்கு விட்டுக் கலக்கினார். கலக்கும்போதே வாளிக்குள் ஏதோ சரியில்லை. தேங்காய்ப்பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. வடித்துப் போத்தலில் விட்டு அமத்தினார். நுரை வரவில்லை. மங்கலான தண்ணீர் இரண்டு சொட்டு விழுந்தது. கையில் தேய்த்தால் பிசுக்கென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனார். மீன் வாடை அப்படியே இருந்தது.

அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு அவர் நின்ற நிலை பார்க்கச் சகிக்கவில்லை. ஸரீனா உள்ளேயிருந்து, "நுரை வந்திட்டா?" என்று கேட்டாள். அவர் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, அதையும் கானையும் மோட்டார் சைக்கிளில் கட்டினார். கள்ளச் சாமான். நாளைக்கு வியாபாரம் முடிந்து வரும்போது நிப்ராஸின் மேசையில் இதைக் கவிழ்க்காவிட்டால் தன் பெயர் பைறூஸ் இல்லை. இரவெல்லாம் அவர் மனத்துக்குள் நிப்ராஸோடு சண்டை பிடித்தார், எல்லாவற்றிலும் அவரே வென்றார்.

வியாழக்கிழமை காலை நறுவிலிக்குளத்தில் றஞ்சிதம் அக்காவின் படலையில் ஹோர்ன் அடித்தார். றஞ்சிதம் வயல் செய்கிறவர், வாரத்துக்கு இரண்டு தடவை மீன் எடுக்கிறவர், பைறூஸின் பிள்ளைக்காக மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர். அன்றைக்கு மீனை விட்டுவிட்டுக் கானின் கதையைத்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

"தம்பி, நல்ல கடையெண்டுதானே சொன்னீங்கள்?"

"நல்ல கடைதான் அக்கா. என்னையே ஏமாத்திப்போட்டான். இந்தா, உங்களுக்குக் காட்டுறன். கொஞ்சம் தண்ணி தாங்கோ, எப்படித் திரியுதெண்டு பாருங்கோ."

றஞ்சிதம் முற்றத்துக் குழாயில் ஒரு செம்புத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். பைறூஸ் பெட்டியின் மூடியிலேயே வெற்றுப் போத்தலை வைத்து, கானிலிருந்து கொஞ்சம் விட்டு, தண்ணீரை ஊற்றி மூடி, வழக்கறிஞர் சாட்சியைக் காட்டுவதுபோல் தூக்கிப் பிடித்துக் குலுக்கினார். "பாருங்கோ, இப்ப திரியும்." திரியவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்து நின்றது. அமத்தினார். உள்ளங்கை நிறைய நுரை வந்தது. மறுபடி அமத்தினார். மறுபடியும் வந்தது. இரண்டு கையிலும் நுரையை ஏந்திக்கொண்டு வாய் திறந்தபடி நின்றார்.

"நல்லாத்தானே வருது," என்றார் றஞ்சிதம்.

"நல்லாத்தான் வருது," என்றார் பைறூஸ், சுரத்தில்லாமல்.

"நீங்கள் அங்க என்ன தண்ணியில கலந்தனீங்கள்?"

"கிணத்துத் தண்ணியில."

"உப்புத் தண்ணியிலயோ?"

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிரிக்கலாம். மன்னார்த் தீவில் இருக்கிறவர் சிரிக்கமாட்டார். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் இரண்டு வகை. குழாயில் வருவது நல்ல தண்ணீர். அது குடிக்கவும் சோறாக்கவும். அதைப் பிடித்து மூடி வைப்பார்கள். கிணற்றில் இருப்பது உவர். அது குளிக்க, கழுவ, துவைக்க. சவர்க்காரம் என்றால் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீரில் ஒரு செம்பை எடுத்துச் சவர்க்காரத்துக்கு விடுவதென்பது, பசுப்பாலில் கால் கழுவுகிற மாதிரி. நுரைப் போத்தலுக்குள் இருக்கும் வலையையே கண்டுபிடித்த மனிதருக்கு, வாளியை எந்தப் பக்கம் கொண்டுபோகிறோம் என்ற யோசனை மட்டும் வரவில்லை. கால் தானாகவே கிணற்றடிக்குப் போயிருந்தது.

பைறூஸ் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மனத்துக்குள் அடித்து வீழ்த்திய நிப்ராஸை எழுப்பி உட்காரவைத்தார். றஞ்சிதம் கேட்ட அரைக் கிலோ பாரைக்கு ஒரு கிலோ போட்டார். மீதி மீனை வழியில் கேட்டவருக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கே தாம்போதியில் பறந்தார். இடது பக்கம் கடல், வலது பக்கம் கடல், நடுவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு பைறூஸ். முன்னால் ஒரு வாகனமும் இல்லை, ஆனாலும் அடித்தார்.

வீட்டில் இன்னொரு வழக்கு காத்திருந்தது. குழாயில் அடுத்த தண்ணீர் சனிக்கிழமைதான். குசினியில் மூடியிருந்த இரண்டு பெரிய பானைதான் வெள்ளிக்கிழமை முப்பது பேருக்கும் குடிக்கவும் சமைக்கவும். ஸரீனா பானைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"குடிக்கிற தண்ணிய சவுக்காரத்துக்கு ஊத்தவோ? ஆக்கள் கேட்டா என்ன சொல்லுவினம்?"

"நாலே நாலு லீற்றர் புள்ள. அதுல அஞ்சு லீற்றர் சவுக்காரம் வரும். கை அலம்பிறது கிணத்துத் தண்ணியில அலம்பலாம். நுரை வந்தாக் காணும். ஒரு அமத்துக்கு எவ்வளவு நல்ல தண்ணி தெரியுமா? ஒரு சொட்டு. மூக்குக்குத்தி அளவு."

"மூக்குக்குத்தி எண்டா அஞ்சு லீற்றர் ஏன் கேக்கிறீங்க?"

"நாலு எண்டுதான் கேட்டனான்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பத்து நாளாகக் கட்டிலருகே பின்னால் கட்டியிருந்த இரண்டு கைகளும் இப்போது ஒரு வெற்று வாளியை ஏந்திக்கொண்டு முன்னால் நீண்டிருந்தன. ஸரீனா பானையின் மூடியைத் தூக்கினாள். செம்பால் அவளே அள்ளி ஊற்றினாள், ஒன்று, இரண்டு என்று எண்ணாமல். நாலு லீற்றருக்குக் கூடவே இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வான் வந்து நின்றது. சாப்பாட்டுக்கு, பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்காரர் கெண்டியும் தட்டமும் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் வார்ப்பது முறை. பைறூஸ் அந்த முறையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டார். ஒரு கதிரை, அதன்மேல் நுரைப் போத்தல். கீழே தட்டம். கெண்டியோடு அவர். யாரையும் கைகழுவு என்று சொன்னால் மனம் நோகும், தண்ணீர் வார்த்து வரவேற்றால் மரியாதை. இந்த யோசனை மட்டும் அவருக்குப் பிழையாகவில்லை.

முதலில் இறங்கியது ஆமினா ராத்தா. அறுபது வயது, குரல் இன்னும் தலைமை ஆசிரியையுடையது.

"இது என்ன கோலம்? சஹனை வாசல்லயா வைக்கப்போறாய்?"

"இல்ல ராத்தா. ஒருக்காக் கைய நீட்டுங்கோ."

"ஏன், என்ட கை ஊத்தையா?"

வான் வண்டியிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ஸரீனா யன்னலுக்குப் பின்னால் வந்து நின்றாள். பைறூஸ் போத்தலின் தலையை அமத்தினார். ராத்தாவின் உள்ளங்கையில் நுரை வந்து உட்கார்ந்தது. ராத்தா அதைப் பார்த்தார். மற்றக் கையின் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்தார். நுரை பெருகி மணிக்கட்டுவரை ஏறியது.

"முட்டை அடிச்ச மாதிரி இருக்கு," என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "இன்னொருக்கா அமத்து."

"ஒண்டே காணும் ராத்தா, அதுதான் இதின்ட விசேஷமே."

"அமத்தடா."

அமத்தினார். அதற்குப் பிறகு வாசலில் ஒரே கலகலப்பு. தள்ளிக்கொண்டு வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கழுவிவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடி மறுபடி வந்தார்கள். பைறூஸ் வார்த்துக்கொண்டே வலையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் உப்புத் தண்ணீரைப் பற்றியும் முப்பது பேருக்கும் விளக்கினார். கிணற்றடிக் கதையைச் சொல்லும்போது தன்னைத் தானே திட்டிக்கொண்டார், எல்லோரையும் விட உரக்கச் சிரித்தார். போத்தலை ஒரு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. வாளியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். கழுவியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அறையிலிருந்து, "எனக்குத் தா", "மெல்ல, தலையப் பிடி", "வாப்பாட மூக்கு" என்று குரல்கள் வந்தன.

கடைசி ஆளும் உள்ளே போய்விட்டார். பைறூஸ் தட்டத்துத் தண்ணீரை வேலியோரம் ஊற்றினார். கதிரையைத் துடைத்தார். துடைத்த கதிரையை மறுபடி துடைத்தார். கெண்டியை எடுத்து வைக்கிற சாட்டில் பின்வளவுக்கு நடக்கத் தொடங்கினார்.

"எங்க போறாய்?"

வாசலில் ஆமினா ராத்தா நின்றார். ஸரீனா ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது ராத்தாவுக்குத் தம்பியைத் தெரிந்திருக்க வேண்டும். வந்து கெண்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீட்டு."

"நீங்க வையுங்கோ ராத்தா. நான் கிணத்தடியில..."

"நீட்டெண்டு சொன்னன்."

தம்பிக்கு மூத்தவர் குனிந்து தண்ணீர் வார்ப்பதை அந்தக் குடும்பத்தில் எவரும் கண்டதில்லை. பைறூஸ் நீட்டினார். ராத்தாவே போத்தலை அமத்தினார், ஒரு தடவை, பிறகு கேட்காமலே இரண்டாவது தடவை. விரல் இடுக்குகள், நகக்கண்கள், செதில் கீறிய பழைய தழும்புகள், மணிக்கட்டு என்று அவர் தேய்த்துக்கொண்டே போனார். ராத்தா மெல்லிதாகத் தண்ணீர் விட, நுரை தட்டத்தில் விழுந்து கரைந்தது. துவாயை நீட்டினார். பைறூஸ் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கைகள் காயும்வரை வெயிலில் நின்றார்.

அறை வாசலில் சீலைத் திரை தொங்கியது. உள்ளே ஸரீனாவின் குரல் எல்லோரையும் கொஞ்சம் விலகச் சொன்னது. பைறூஸ் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலும் படாமல், தோளால் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.